கடைசி வரியில் மாமா பெயர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாங்காய் சீசன் முடிகிற சமயத்தில், சித்தூரிலும் திருப்பதியிலுமாக நடந்தது இது. சித்தூரை ஒட்டிய எங்கள் ஊரில் இருந்த என் அப்பா திருப்பதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன், அப்பா என்று எழுதினால் வேறு யாரோ மாதிரி இருக்கிறது. சீசனில் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை, மற்ற மாதங்களில் அரை ஏக்கரில் வேர்க்கடலை என்று வாழ்ந்தவர். அதிகம் படுக்கவில்லை, எங்களை அலைக்கழிக்கவும் இல்லை.

நான் திருப்பதியில் வாழ்க்கைப்பட்டவள். அங்கேயே ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை. தம்பிக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அடக்கம் முடிந்து வீடு கொஞ்சம் அமைதியானதும் தம்பி ஆரம்பித்தான்.

"அக்கா, நைனாவுக்கு பேப்பர்ல போடணும்."

அவனுடைய சூப்பர்வைசரின் அப்பா இறந்தபோது தெலுங்குப் பேப்பரில் கால் பக்கத்துக்குக் கலரில் வந்ததாம். அதை கம்பெனியே பார்த்ததாம். நம் நைனா மட்டும் என்ன குறைச்சலா என்று கேட்டான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் ஒரு விளம்பர ஏஜென்சி இருக்கிறது, எல்லாப் பேப்பருக்கும் அவர்களே புக் செய்வார்கள். டியூட்டி முடிந்து போய் விசாரித்தேன்.

அங்கே போய்த்தான் தெரிந்தது, துக்கத்தையும் ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள் என்று. எத்தனை சென்டிமீட்டர் அகலம், எத்தனை உயரம், கலரா கருப்பு வெள்ளையா, ஜில்லா எடிஷனா மாநிலம் முழுக்கவா, முதல் பக்கமா உள்பக்கமா. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரேட், எல்லாவற்றுக்கும் மேலே ஜிஎஸ்டி. தம்பி சொன்ன கால் பக்கத்தின் விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. லாட்ஜில் ஏசி ரூம் விலையைக் கேட்டுவிட்டு பக்தர்கள் முகம் போகுமே, அப்படி என் முகம் போயிருக்க வேண்டும். அந்த ஆள் உடனே, "இப்ப ஒண்ணு, வருஷ திதிக்கு ஒண்ணு, ரெண்டும் சேத்து புக் பண்ணா டிஸ்கவுண்ட் இருக்கு மேடம்" என்றார். அடுத்த வருஷ அழுகைக்கு இப்போதே அட்வான்ஸ்! கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இறந்ததற்கு ஆதாரமும் வேண்டுமாம். "உயிரோட இருக்கறவங்களுக்கே அஞ்சலி போட்டு வெளையாடறாங்க மேடம், எங்களுக்குத்தான் கேஸ் வருது" என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டையும் ஆதார் அட்டையையும் காட்டினேன். ஆதாரில் நைனா மொட்டைத் தலையோடு இருந்தார். அது பெரிய அதிசயம் இல்லை. எங்கள் பக்கத்தில் மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு, கீழே இறங்கிய கையோடு மற்ற வேலைகளையும் முடித்துக்கொண்டு வருவது வழக்கம். நைனா ஆயுசில் போட்டோ எடுத்ததெல்லாம் அப்படித்தான். என் கல்யாண ஆல்பத்தில்கூட மொட்டைதான். "வேணும்னா கம்ப்யூட்டர்ல முடி வெக்கலாம் மேடம்" என்று அந்த ஆள் வைத்தும் காட்டினார். பழைய தெலுங்குப் பட வில்லன் மாதிரி ஒருவர் திரையில் வந்தார். மொட்டையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நானும் தம்பியும் இவ்வளவுதான் செலவு என்று ஒரு தொகையை முடிவு செய்தோம். அதில் தெலுங்குப் பேப்பரின் சித்தூர் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்தான் வரும். போகட்டும், வந்தால் சரி என்று அதையே போடுவதாக அம்மாவிடம் சொன்னோம். அதுவரை அம்மா இந்தப் பேச்சில் தலையிடவே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டாள்.

"எந்தம்பி தெலுங்கு படிப்பானா?"

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்குக் கூடப் பிறந்தது அவர் ஒருவர்தான். குடியாத்தம் பக்கம் அவர்கள் ஊர். அம்மாவைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது, அந்த வீடும் இப்போது பூட்டிக் கிடக்கிறது. என் கல்யாணத்தின்போது கோபித்துக்கொண்டு போன மாமா திரும்பி வரவே இல்லை. போன் நம்பர் மாறிவிட்டது. ராணிப்பேட்டை பக்கம் ஏதோ கம்பெனியில் வாட்ச்மேன் என்று யாரோ சொன்னார்கள். நைனா இறந்த மறுநாளே தம்பி பைக்கில் போய், கேட் கேட்டாக விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தான்.

பதினாறாம் நாள் காரியத்தில், புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் புதுப் புடவை கொண்டுவந்து போர்த்துவார்கள். கோடி போடுவது என்று பெயர். வளையல் உடைப்பது, பூவைப் பறிப்பது எதுவும் நம் வீட்டில் கிடையாது என்று நானும் தம்பியும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். அம்மாவும் சரி என்றிருந்தாள். ஆனால் கோடி விஷயத்தில் மட்டும் அசையவில்லை.

"அவன் வந்து போட்டா கட்றேன். பங்காளிங்க எடுத்தாந்து போட்டா நான் தொடமாட்டேன். எனக்குப் பொறந்த வூடு இல்லன்னு நெனச்சிக்கறேன்."

அம்மா அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. புருஷன் போன துக்கத்தோடு, தனக்கென்று ஒருத்தரும் இல்லை என்கிற துக்கமும் சேர்ந்துகொண்டதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். விளம்பரத்தைத் தெலுங்கிலிருந்து தமிழ்ப் பேப்பருக்கு மாற்றினோம். வேலூர் எடிஷன். ராணிப்பேட்டைக்கும் போகும், குடியாத்தத்துக்கும் போகும். தம்பிக்கு முகம் சுருங்கியது, கம்பெனியில் ஒருத்தரும் பார்க்க மாட்டார்களே என்று. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தெலுங்கில் போட்டு மனதை ஆற்றிக்கொண்டான்.

வாசகத்தைத் தம்பிதான் எழுதினான். நைனா பெயர், ஊர், பதினாறாம் நாள் காரியம் நடக்கும் தேதி, கீழே மனைவி, மகள், மருமகன், மகன், பேரப்பிள்ளைகள், என் போன் நம்பர். அம்மாவுக்குப் படித்துக் காட்டினான். கேட்டுவிட்டு அம்மா, "எந்தம்பி பேரு எங்க?" என்றாள்.

"வராத ஆளுக்கு எதுக்கும்மா ஒரு லைனு? அதுக்கும் காசு."

"பேரு இல்லன்னுதானடா அவன் போனான்."

எனக்கு அந்தக் கதை பாதிதான் தெரியும். அன்று அம்மா முழுவதும் சொன்னாள். என் புகுந்த வீடு தெலுங்குக்காரர்கள் என்பதால் கல்யாணப் பத்திரிகையை நைனா தெலுங்கில் அடித்தார். பிரஸ்காரர் இடம் போதவில்லை என்றதும், உறவுக்காரர்களின் பெயர்களையெல்லாம் ஒரே அடியாக எடுத்துவிட்டார். நைனாவின் சொந்த அண்ணன் பெயர்கூட அதில் போயிற்று. மற்றவர்களுக்கு அது உறைக்கவில்லை. மாமா மட்டும் பஸ் கண்டக்டரிடம் பத்திரிகையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். தாய்மாமன் பெயர் எங்கே வருகிறது என்று மறுபடி மறுபடி கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து, எனக்கென்று வாங்கிய மோதிரத்தை அம்மா கையில் வைத்துவிட்டு, "பேரு இல்லாத கல்யாணத்துல மாமன் எதுக்கு?" என்று போய்விட்டார். நைனா சமாதானம் பேசப் போகவில்லை. ரெண்டு பேருமே வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டை ரகம்.

ஏஜென்சிக்குப் போன் செய்தேன். பேஜ் மூடுகிற நேரம் நெருங்குகிறது என்று அந்த ஆள் அவசரப்பட்டார். கட்டம் நிறைந்துவிட்டது, எழுத்தை இதற்கு மேல் பொடியாக்க முடியாது, ஒரு வரி ஏற்றினால் அடுத்த சைஸ்தான், அதற்கு இவ்வளவு ஆகும் என்றார். என் கணவர் நான் தருகிறேன் என்றார். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குச் செலவு செய்ததே போதும் என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் அந்த ஆள், "மேடம், சொல்லுங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அம்மா என்னைப் பார்த்து, "போட்டோவ சின்னதாக்கச் சொல்லு" என்றாள்.

"அம்மா, ஏற்கெனவே அது ஸ்டாம்ப் சைஸ்லதான் கீது" என்றான் தம்பி.

"இருக்கட்டுமே. உங்க நைனா மூஞ்சி ஊருக்கே தெரியும். அந்தாளு எடுத்த பேரு, அந்தாளே எடம் குடுக்கட்டும்."

படம் சுருங்கியது. கடைசி வரியில் 'மைத்துனர்' என்று போட்டு, மாமாவின் பெயரும் அவருடைய ஊர்ப் பெயரும் ஏறின.

விளம்பரம் வந்த அன்று காலையில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் தம்பி பேப்பர் வாங்கி வந்தான். ஒரு தங்கநகைக் கடை விளம்பரத்துக்கும் மூலம் பௌத்திரம் விளம்பரத்துக்கும் நடுவில் நைனா மொட்டையாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தார். இதற்கா இவ்வளவு காசு என்று இருந்தது. அம்மா படத்தைப் பார்க்கவில்லை. கடைசி வரியைக் காட்டச் சொல்லி, அதைத் தடவிப் பார்த்தாள்.

பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அம்மா நிமிர்ந்து பார்ப்பாள். காட்பாடியிலிருந்து ஒரு சமையல் கான்ட்ராக்டர், பதினாறாம் நாளுக்கு எத்தனை இலை என்று கேட்டார். போட்டோவைப் பெரிதாக்கி லைட் வைத்த ஃபிரேம் போட்டுத் தருவதாக ஒருவர். வீட்டில் தோஷம் இருப்பதாக ஒரு ஜோசியர். நிலம் விற்கிற யோசனை உண்டா என்று ஒரு புரோக்கர், அவனைத் திட்டிய திட்டில் என் துக்கமே கொஞ்சம் குறைந்தது. மாமாவிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் காரியம். பங்காளி வீட்டில் ஒரு புடவையை எதற்கும் எடுத்து வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது.

அன்று காலை பத்து மணி வாக்கில் தெரியாத நம்பர். இன்னொரு புரோக்கர் என்று நினைத்து எரிச்சலோடு எடுத்தேன்.

"எம்மா, ராணிப்பேட்டைலேர்ந்து பேசறேன், சலூன் வெச்சிகினு கீறேன். உங்க விளம்பரத்துல கடைசில ஒரு பேரு போட்டுக்கீறீங்களே, அவரு நம்ம கஸ்டமர்தாம்மா. ஷேவிங்குக்கு வந்தாரு. இன்னாண்ணே, உம்பேரு, உங்க ஊரு போட்டு பேப்பர்ல வந்துக்கீதேன்னு சும்மா காட்டனேன். அத்தப் பாத்துட்டு பாதி சோப்போட குந்திகினு அழுவறாரு. போன குடுத்தா வாங்க மாட்டேங்கறாரு."

அந்தப் பேப்பர் வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. சலூன் பெஞ்சில் கிடக்கிற பழைய பேப்பர். பின்னால் யாரோ மெதுவாக ஏதோ சொல்வது கேட்டது. சலூன்காரர் மறுபடி பேசினார்: "பேரு போட்டது யாருன்னு கேக்கறாரும்மா."

போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரி, "நான்தான்டா போட்டேன், உங்க மச்சான் படத்தக் கொறச்சிட்டுப் போட்டேன், நாளிக்குக் காரியம், வாடா" என்றாள். சலூன்காரர்தான், "சரிங்கறாரும்மா, தலையாட்டறாரு" என்றார். அதற்குப் பிறகுதான், நைனா இறந்ததிலிருந்து முதன்முறையாக, அம்மா வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் வெயில் ஏறியும் மாமா வரவில்லை. காரியம் செய்ய வந்தவர் மணியைப் பார்க்க ஆரம்பித்தார். பங்காளி வீட்டுப் பெரியம்மா புடவைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார். அப்போது தம்பி தெருவிலிருந்து கத்தினான். மாமா தெருமுனையில் பாதி நரைத்த தலையோடு, பச்சைக் கரை போட்ட புடவையும் தேங்காயும் வைத்த தட்டோடு நின்றிருந்தார். எப்போது வந்தாரோ, உள்ளே வரத் தயங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். தம்பி போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மாமா அம்மா தோளில் புடவையைப் போர்த்தும்போது, அவராகவே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பேரப் போட்டு கூப்ட்டாங்க. வந்துட்டேன்க்கா."

பிறகு நைனாவின் படத்துக்கு எதிரே போய் வெகுநேரம் நின்றார். என்ன பேசினாரோ, எங்களுக்குக் கேட்கவில்லை. சாப்பிடும்போது தம்பியைக் கூப்பிட்டு, "ஏன்டா, அந்த மனுசனுக்கு ஒரு தடவயாவது முடியோட படம் எடுக்கலியா?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது, அம்மாவும்தான். இப்போது மாதத்துக்கு ஒரு முறை வந்துவிடுகிறார். வேர்க்கடலை பிடுங்க அவர்தான் ஆள் பேசுகிறார். அந்தச் சலூன்காரரை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை, பொங்கலுக்குப் போன் செய்வேன்.

பேப்பரில் அஞ்சலி விளம்பரத்தைப் பார்த்தால், முன்பெல்லாம் காசு இருக்கிறவர்கள் போட்டுக்கொள்கிறார்கள் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன். இப்போது படத்தைத் தாண்டிக் கீழே போய் அந்தப் பொடி எழுத்துப் பெயர்களைக் கடைசி வரை படிக்கிறேன். யாரோ ஒரு அக்கா யாரோ ஒரு தம்பியைக் கூப்பிடுவதற்காகவே அவ்வளவு காசையும் கட்டியிருக்கலாம்.