மாமாவின் பின்னறையும் அம்மாவின் பழப்புளியும்

எனக்கு எழுத்து வடிவாய் வராது. ஊரில் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். இலண்டனுக்கு வந்த பிறகும் பள்ளிக்கூடம் போனேன்தான், ஆனால் பின்வாங்கில் இருந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்ததைப் படிப்பு என்று சொல்ல ஏலாது. வயதும் போய்விட்டது, ஒன்றைச் சொல்ல வெளிக்கிட்டால் இன்னொன்று மறந்துபோகிறது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஆள் நான். கடதாசியில் எழுதினால் ஒருவரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் அம்மாவும் நானும் இலண்டன் வால்தம்ஸ்டோவில் மாமாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மாமா அம்மாவின் தம்பி. கலியாணம் கட்டாதவர். தண்ணீர்ப் பைப் செய்கிற ஒரு பட்டறையில் வேலை. அப்பா அதற்கு முந்தின வருடம் நெஞ்சுநோவில் போய்விட்டார். அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் நான் பெரியம்மா வீட்டில் நின்றேன். என்னைக் கூட்டிக்கொண்டு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

இலண்டனுக்கு வந்து கனகாலம் அம்மா கதைக்கவில்லை. கேட்டால் ஓம் என்பார், அல்லது இல்லை என்பார், அவ்வளவுதான். நவம்பர் மாதம் வெள்ளைக்காரர் வெடி கொளுத்துகிற அந்தப் பின்னேரம், கறிச்சட்டியை அடுப்பில் விட்டுவிட்டுக் குசினி மேசைக்குக் கீழே போய் இருந்துவிட்டார். மாமாவும் தானொரு பக்கம் மேசைக்குக் கீழே குந்தியிருந்து, அது சின்னப் பிள்ளைகளின் வாணம் என்று சொல்லிச் சொல்லித்தான் அவரை வெளியே எடுத்தார். கறி அடிப்பிடித்துப் போனது.

இதனால் மாமாவுக்குப் பெரிய சங்கடம். ஏனென்றால் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போவது பிஸ்டல் கிளப்புக்கு. இப்போது இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்க விடமாட்டார்கள். அப்போது பொலிஸ் வீட்டுக்கு வந்து பார்த்து அனுமதி கொடுத்தால் வைத்திருக்கலாம், கடதாசியில் கீறிய வட்டத்துக்குச் சுட்டுப் பழகலாம். பட்டறையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர்தான் மாமாவை அதில் சேர்த்துவிட்டவர். மாமாவுக்குச் சுடுவதிலும் பார்க்கத் துப்பாக்கி ரவை செய்வதில்தான் ஆசை அதிகம். சுட்டபின் மிஞ்சுகிற வெற்றுப் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, மேல்மாடிப் பின்னறையில் வைத்துத் திரும்ப வெடிமருந்து நிரப்பி, பாய்ந்து போகிற ஈயச் சன்னத்தை வாயில் பொருத்தி, புது ரவையாக்குவார்.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? தெரிந்தால் அந்த நிமிடமே என்னைக் கையில் பிடித்துக்கொண்டு படலையைத் தாண்டிவிடுவார் என்று மாமா பயந்தார். தாண்டினால் எங்களுக்குப் போக இடமில்லை. ஆனபடியால் மாமா பொய் சொன்னார். சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் பட்டறைக் கடதாசிகள் இருப்பதாகச் சொன்னார். மேசையில் முறுக்கியிருந்த கைபிடி வைத்த மிசினைப் பார்த்து அம்மா இடியப்ப உரலோ என்று கேட்டபோது, பைப்புக்குள் போடுகிற பித்தளைத் துண்டுகளை வீட்டிலும் கொண்டுவந்து செய்வதாகச் சொன்னார். அம்மா மேலே ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பின்னறைக் கதவு எப்போதும் பூட்டித்தான் இருக்கும்.

எனக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒருநாள் பூட்ட மறந்த கதவால் உள்ளே போய்விட்டேன். மாமா சொக்கிலேட் தந்து வாயை அடைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா பழப்புளியும் உப்பும் போட்டுக் குத்துவிளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமா கழுவுவதற்கென்று குசினியில் ஒரு பேசினுக்குள் கோதுகளைப் போட்டுவைத்திருந்தார். விளக்கு முடிந்ததும் அம்மா அந்தப் பேசினை இழுத்து மடியில் வைத்தார். ஒவ்வொன்றாகத் தேய்த்து, அலசி, பேப்பரில் பரப்பி, ஹீட்டருக்கு முன்னால் காயவைத்தார். வேலையால் வந்த மாமா, சாமி விளக்குக்குப் பக்கத்தில் அவை பொன்போல மினுங்குவதைக் கண்டு, கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிட்டார்.

"கறுத்துப்போய்க் கிடந்தது தம்பி. தேய்ச்சு வைச்சிருக்கிறன்" என்றார் அம்மா.

வந்த நாளில் இருந்து, அந்த இடியப்ப உரல் கேள்வியை விட்டால், அவர் தானாக வாய் திறந்து சொன்ன முதல் கதை அது. வேண்டாம் என்று சொல்ல மாமாவுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை அம்மா தேய்த்தார். தேய்க்கும்போது என்னோடு கதைக்கவும் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் என்ன சாப்பாடு தருகிறார்கள் என்று கேட்டார். உருளைக்கிழங்கு என்றேன். நேற்றும் அதுதானே என்றார். மாமா கதவடியில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் பூனை மாதிரி மேலே போவார்.

அப்படி இருக்க, மாமா தன் பழைய ரிவோல்வரோடு புதிதாக ஒரு பிஸ்டலும் வாங்கினார். அதற்கென்று செய்த ரவைகளைக் கொண்டுபோன ஞாயிறு முகம் செத்துத் திரும்பி வந்தார். பாதி வெடிக்கவில்லையாம். கிளப்பில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, அம்மா கோதுகளை எவ்வளவு நேரம் காயவைக்கிறவர், உள்ளே புளித்தண்ணி நிற்கிறதோ என்று மெல்லிய குரலில் விசாரித்தார். புளி வேண்டாம் என்று சொன்னால் அம்மா திரும்ப ஊமையாகிவிடுவார், ஏன் என்று சொன்னால் வீட்டை விட்டே போய்விடுவார் என்று எனக்கும் விளங்கியது.

அம்மா படியேறி வந்ததை நாங்கள் கேட்கவில்லை. கையில் பேசினோடு வாசலில் நின்றார்.

"ஈரத்தை என்னட்டைக் கேளன். பிள்ளையை ஏன் கேக்கிறாய்?"

"இல்லை அக்கா, இந்தப் பைப்புத் துண்டுகள்..."

"பைப்பெண்டு நீ சொன்னாய். நானும் கேட்டுக்கொண்டிருந்தன்." அம்மா ஒரு கோதை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினார். "அண்டைக்கு எங்கடை வளவுக்கை கிடந்ததும் இதுதானே. அது கொஞ்சம் நீளம். அதையும் கழுவித்தான் வைச்சனான்."

மாமா எழும்பினார், திரும்பவும் இருந்தார். எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன் என்று சொல்லத் தொடங்கினார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேசினை மேசையில் வைத்துவிட்டு, ஏன் வெடிக்கவில்லை என்று கேட்டார்.

மாமா வாத்தியாருக்கு முன்னால் நிற்கிற பெடியன் மாதிரி விளங்கப்படுத்தினார். கோதின் வாயைச் சன்னத்தோடு சேர்த்து அழுத்தி அமத்த வேண்டும். அதற்குக் கிரிம்ப் என்று பெயர். அதில் இரண்டு விதம். ரிவோல்வர் ரவைக்கு வாய் விளிம்பை உள்ளுக்கு மடித்து இறுக்க வேண்டும். ஒன்று வெடிக்கிற உதறலில் பக்கத்தில் காத்திருக்கிற மற்றவற்றின் சன்னம் முன்னுக்கு நழுவாமல் இருக்க அந்தப் பிடி தேவை. பிஸ்டல் ரவை அப்படியில்லை. அது குழலுக்குள் போய்த் தன் வாய் விளிம்பில்தான் முட்டி நிற்கிறது. அதை மடிக்கக் கூடாது, விரிந்த வாய் நேராகிற அளவுக்கு மெல்ல அமத்தினால் போதும்.

சொல்லிக்கொண்டே மாமா பிஸ்டலின் குழலைத் தனியாகக் கழற்றி, வெடிக்காத ரவைகளில் ஒன்றை அதற்குள் போட்டுப் பார்த்தார். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அது இன்னும் உள்ளே இறங்கியது. ரிவோல்வருக்குச் செய்து பழகிய கை, இதற்கும் விளிம்பை மடித்துவிட்டது. உள்ளே இறங்கிப்போனால் பின்னாலிருந்து குத்துகிற ஊசிக்குச் சரியாக எட்டாது.

"புளியிலை பிழையில்லை அக்கா. என்ரை கைதான் கூட அமத்திப்போட்டுது."

"அப்ப, அமத்திறது பிழைச்சா வெடியாது."

"சில நேரம் வெடியாது."

"இவ்வளவுதானோ" என்றார் அம்மா. ரவையை வாங்கி, பெருவிரல் நகத்தால் அதன் விளிம்பைச் சுற்றி ஒருதரம் தடவினார். "அண்டைக்கு வந்ததை அமத்தினவன் சரியா அமத்திப்போட்டான்."

மாமா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அம்மா அவர் தோளில் கை வைத்து, ஒன்றையும் விற்க வேண்டாம், இனிக் கதவைப் பூட்டாமல் செய் என்று சொல்லிவிட்டுச் சோறு போடக் கீழே இறங்கினார். எனக்கென்றால் ஒரே சந்தோசம். வீடு தப்பியது, புளி தப்பியது, சண்டையும் வரவில்லை. மாமா ஏன் அழுகிறார் என்றுதான் விளங்கவில்லை. கிளப்பில் பட்ட வெட்கம் என்று நினைத்தேன்.

அன்று அம்மா எனக்குத் தலை இழுத்துவிடும்போது, அவர் யாரையோ பாராட்டினாரே என்ற எண்ணத்தில் கேட்டேன்.

"அம்மா, அதை அமத்தின ஆள் மாமாவிலும் பார்க்கக் கெட்டிக்காரரோ?"

சீப்பு நடுத்தலையில் நின்றது.

"ஓம் பிள்ளை" என்றார் அம்மா. பிறகு சிக்கெடுத்தார்.

ஊரில் எங்கோ ஒரு வீட்டுப் பின்னறையில், மாமாவைப் போலவே ஒருவர் இப்படியொரு மிசினுக்கு முன்னால் இருந்து, கவனமாக, கை நடுங்காமல் அமத்துவதாக நான் நினைத்துக்கொண்டேன். அந்த ஆளை எனக்குப் பிடித்தும் இருந்தது. அப்பாவுக்கு வந்தது நெஞ்சுநோவில்லை, நெஞ்சில் பட்ட வெடி என்று பெரியம்மா வாய்விட்டது எனக்குக் கலியாணமான பிறகு. அப்போது அம்மாவும் இல்லை.

ரிவோல்வருக்கு மடிப்பது, பிஸ்டலுக்கு மெல்ல அமத்துவது என்று எழுதியிருக்கிறேன். மாறி எழுதினேனோ தெரியாது, கேட்க மாமாவும் உயிரோடில்லை. விஷயம் தெரிந்த ஆராவது பார்த்துப் பிழையைத் திருத்திவிடுங்கள். அம்மா சொன்னவற்றில் மட்டும் கை வைக்க வேண்டாம். அவர் சொன்னது அப்படியேதான்.