வாக் ஓவரை வேண்டாமென்ற சந்திரம்மா

2006-ஆம் வருஷம் புதுப்பட்டினம் கால்பந்து அணிக்கு ஆதரவாளர் என்று சொல்லிக்கொண்டவர்கள் இருநூறு பேர் இருப்பார்கள். மைதானத்துக்கு வந்தவர்கள் முப்பது பேர். அந்த முப்பதில் ஒரே பெண் சந்திரம்மா.

பஜார் தெருவில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் அவள் ஆயா. கால்பந்தின் மேல் ஆசைப்பட்டு வந்தவளல்ல. 1991-இல் ஜானகிராமன் நினைவுக் கோப்பைப் போட்டிக்கு முதலுதவிக்கு ஆள் கேட்டார்கள். டாக்டர் பஞ்சும் துணியும் கொடுத்து இவளை அனுப்பினார். அன்றைய அரையிறுதியில் ஒரு கணுக்கால், ஒரு மூக்கு, இரண்டு நெற்றி. இரண்டாவது நெற்றிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது புதுப்பட்டினம் கோல் அடித்தது. முடிச்சுப் போடாமல் எழுந்து கத்திவிட்டாள். அதற்கப்புறம் யாரும் அவளை அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

அந்த நாளில் கோப்பைக்கு மரியாதை இருந்தது. செங்கல்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் அணிகள் தங்கள் நல்ல ஆட்களோடு வரும். இடம் கிடைக்காதவர்கள் பள்ளிக்கூட மதில்மேல் ஏறி நிற்பார்கள். கலெக்டர் வந்து பரிசு கொடுப்பார். புதுப்பட்டினம் மட்டும் ஒருமுறைகூட அதை வாங்கியதில்லை. சந்திரம்மா பார்க்க நாலு இறுதியாட்டம் தோற்றிருந்தது. கணவன் செத்துப்போனதற்கு அவள் மூன்று நாள் லீவு போட்டாள். 1997 இறுதியாட்டத்துக்கும் மூன்று நாள்தான். அந்தக் கோப்பை நம் பையன்கள் கையில் ஒரு தடவை இருக்கப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பிறகு கோப்பைக்கு நோய் வந்தது. கலெக்டர் போய் தாசில்தார் வந்தார். தாசில்தார் போய் மருந்துக் கடைக்காரர் வந்தார். கோப்பையைக் கொடுத்த அரிசி ஆலைக் குடும்பத்து மகன் சென்னைப் பக்கத்துப் படூர் ஃப்ளாட்டிலிருந்து போன் பண்ணி, டிராஃபிக்காக இருக்கிறது, என் சார்பில் நீங்களே கொடுத்துவிடுங்கள் என்றார். அது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. பெரிய அணிகள் இரண்டாம் ஆட்களை அனுப்பின. லீக்கில் ஆடினால் ஏதாவது டிபார்ட்மென்ட்டில் வேலை கிடைக்கும். கோப்பையில் ஆடினால் கால்தான் உடையும் என்று கணக்கு.

இதையெல்லாம் அலச ஓர் இடம் இருந்தது: வரதன் வேன் நிறுத்தும் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடை. அங்கே தலைமை கோதண்டராமன் சார். ஆபீஸ் உத்தியோகம். வீட்டில் கேபிள். இங்கிலாந்து ஆட்டத்தை விடிய விடியப் பார்த்துவிட்டு வந்து, சிவந்த கண்ணோடு பேசுவார்.

"அங்கேயே கப்பை மதிக்கறதில்லம்மா. பெரிய டீமெல்லாம் சின்னப் பசங்களை இறக்கறான். ஸ்டேட் டீமெல்லாம் ஆடற நம்ம சந்தோஷ் டிராஃபியை எடுத்துக்கோ. ஒரு காலத்துல ரேடியோவைக் காதுல வச்சுண்டு உக்காந்திருப்போம். இப்ப எங்க நடக்கறதுன்னு உனக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது. நம்ம கப்பு வெறும் டப்பா."

"டப்பாதான் சார்," என்பான் வரதன். "மாம்பழ ஜூஸ் ஊத்திக் குடிக்கலாம்."

"நீங்க ரெண்டு பேரும் கடைசியா எப்போ கிரவுண்டாண்ட வந்தீங்கோ?" என்பாள் சந்திரம்மா.

"மரியாதையே இல்லாத ஆட்டத்துக்கு எதுக்கும்மா வரணும்?"

"பாக்க ஆளு வராத பேஷண்டு சீக்கிரமா பூடுவான் சார். வியாதில இல்ல."

கோதண்டராமன் சாருக்கு இதற்குப் பதில் இருந்தது. ஆனால் அது இத்தாலி நாட்டைப் பற்றியது.

அந்த வருஷம் எப்படியோ புதுப்பட்டினம் இறுதிக்கு வந்தது. எப்படியோ என்ன, எதிரணிகள் வராததால் வந்தது. எதிரே கடப்பாக்கம். ஞாயிறு நாலு மணிக்கு ஆட்டம். செவ்வாய்க்கிழமை செங்கல்பட்டில் லீக் ஆட்டம் இருந்ததால் கேப்டன் ஜோயல் தன்னோடு சேர்த்து ஆறு பேருக்கு ஓய்வு கொடுத்துவிட்டான்.

"இன்னாடா இது? ஃபைனல்டா," என்றாள் சந்திரம்மா.

"சந்திரக்கா, இது சும்மா கப்புக்கா. லீக்குதான் சோறு போடும்."

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு நர்சிங் ஹோமில் போன் அடித்தது. கிளப்புக்கென்று போன் இல்லாத காலத்தில் போட்டி விண்ணப்பத்தில் அந்த நம்பரை எழுதியிருந்தார்கள். மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. சந்திரம்மாதான் எடுத்தாள். கடப்பாக்கத்து ஆள்.

"எங்காளுங்க அஞ்சு பேரு படூர் பூட்டானுங்கமா. ஃப்ளாட்டுக்காரங்கோ ஏழு பேரு ஆடுற செவன்ஸ் வெச்சிகிறாங்கோ. டீ-ஷர்ட்டு தர்றாங்கோ, பிரியாணி கீது. மீதி ஆளுங்க வந்து இன்னா பண்றது? கப்ப நீங்களே வெச்சிக்குங்கோ."

எதிரணி வராவிட்டால் அரை மணி நேரம் பார்ப்பார்கள். பிறகு வாக் ஓவர். கோப்பை புதுப்பட்டினத்துக்கு. இந்தச் செய்தி ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். போனை வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும். பதினைந்து வருஷம் கேட்டது சாயந்திரம் கைக்கு வந்துவிடும்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். வியர்வை படாத சட்டையோடு ஜோயல் மருந்துக் கடைக்காரரிடம் கோப்பை வாங்குவதை நினைத்துப் பார்த்தாள். போடாத ஊசியைப் போட்டதாகச் சீட்டில் எழுதுகிற நர்சுகளை அவளுக்குத் தெரியும். சீட்டு சுத்தமாக இருக்கும். காய்ச்சல் அப்படியே இருக்கும்.

பையில் நாலு ரோல் பேண்டேஜை அள்ளிப் போட்டுக்கொண்டு வேன் ஸ்டாண்டுக்குப் போனாள்.

"கடப்பாக்கம் போவணும். வண்டிய எடு."

விஷயத்தைக் கேட்ட வரதன் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. "யக்கா, லூசாக்கா நீ? சும்மா வர்ற கப்ப எட்டி ஒதைக்கிறியே!"

"சும்மா வர்றத வெச்சிகினு நான் இன்னாடா பண்றது? எழுந்திருடா."

வரதனின் அம்மா படுக்கைப் புண்ணோடு கிடந்தபோது மூன்று மாதம் தினமும் வந்து புரட்டிப் போட்டு மருந்து வைத்தவள் அவள். வரதன் சாவியைத் தேடினான்.

பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி ஒரு மணிக்கெல்லாம் கடப்பாக்கம் போய்விட்டார்கள். ஆட்கள் கரையில் வலைக்குப் பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சந்திரம்மா அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

"நீங்க வரலன்னா எங்க பசங்க ஜெயிச்சிடுவானுங்க. நாளைக்கு பஸ்ல ஒங்கள பாத்தா சிரிப்பானுங்க. பரவால்லயா?"

"சிரிச்சிட்டுப் போவட்டும்," என்றான் ஒருவன்.

"நாங்க ரெண்டாவது டீமத்தான் எறக்குறோம். ஒங்களுக்கு அதே போதும்னு ஜோயல் சொல்லிட்டான்."

ஜோயல் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சீட்டுகள் கீழே இறங்கின.

சதாசிவம் என்பவர் அவர்களுடைய பழைய கேப்டன், நாற்பத்தொரு வயது. எண்ணிக்கைக்காக ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயரையும் எழுதியிருந்தார்கள். "வரலாம்தாமா. எம் முட்டியப் பாத்தியா? தேங்கா மாரி கீது," என்றார்.

"கால நீட்டு," என்றாள் அவள். மணலில் உட்கார்ந்து முட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். "ஓடாத. நில்லு. அது போதும்."

பட்டியலில் பெயருள்ள ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஏழு பேர் இருந்தாலே ஆட்டத்தைத் தொடங்கலாம் என்ற விதி அவளுக்குத் தெரியும்.

சாப்பிடாமல் வரமாட்டோம் என்று அவர்கள் சோறு தின்று கிளம்பியதில், நாலு இருபதுக்குத்தான் வேன் மைதானத்துக்குள் நுழைந்தது. கடப்பாக்கத்தைக் காணோம் என்ற பேச்சு பரவியிருந்ததால் கோதண்டராமன் சார் உள்பட நிறைய பேர் வந்திருந்தார்கள், ஆட்டத்துக்கு அல்ல, போட்டோவுக்கு. வேனிலிருந்து முதலில் சந்திரம்மா இறங்கினாள். பின்னால் ஒன்பது பேர். மாலையைக் கையில் வைத்திருந்தவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதுப்பட்டினத்தின் இரண்டாம் ஆட்கள் நிறைய ஓடினார்கள். சதாசிவம் சொன்னபடி ஓடாமல் புதுப்பட்டினத்தின் கோல் வாசலில் நின்றார். இரண்டாம் பாதியில் கார்னரிலிருந்து வந்த பந்து, நின்றுகொண்டிருந்த அவர் தலையில் பட்டு உள்ளே போனது. அதன்பின் ஒன்பது பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் சுவராக நின்றுவிட்டார்கள். ஜோயல் செவ்வாய்க்கிழமையை மறந்து, பூட்ஸ் கயிறுகூடச் சரியாகக் கட்டாமல் மாற்று ஆளாக உள்ளே ஓடினான். அவன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. விசில்.

கோப்பையைக் கடப்பாக்கத்தார் வரதன் வேனிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். கொண்டுபோய் விடவேண்டியவன் அவன்தானே.

அடுத்த ஞாயிறு பள்ளிக்கூட வராந்தாவில் சந்திரம்மாவை விசாரிக்கக் கூட்டம் போட்டார்கள். வார்டில் படுக்கை எண்ணுகிற பழக்கத்தில் அவள் தலைகளை எண்ணினாள். எண்பத்தாறு. இறுதியாட்டத்துக்கு வந்ததைவிட அதிகம்.

"இருபத்தேழு வருஷமா காத்திருந்த கப்பு!" கோதண்டராமன் சார் எழுந்து நின்றுவிட்டார். "எங்கப்பா பார்க்காமப் போன கப்பு! நீ யாரும்மா அதைத் தூக்கிக் குடுக்க?"

"டப்பான்னியே சார்."

"டப்பாவோ எதுவோ, அது நம்ம டப்பா!"

"அப்டீன்னா அடுத்த வருசம் வந்து கத்து. வாக் ஓவருக்கு கை தட்டத்தான் வந்த நீ."

அவள் இனிமேல் மைதானக் கோட்டுக்குள் வரக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஒருமனதாக. சந்திரம்மா தலையாட்டிவிட்டு டூட்டிக்குப் போனாள். யார் கட்டுப் போடுவது என்று தீர்மானத்தில் எழுதவில்லை. எழுதாததால் மறு வருஷமும் அவளே போட்டாள்.

அந்த மறு வருஷம் அரையிறுதியில் மறுபடி கடப்பாக்கம். பழி தீர்க்கவேண்டுமென்று ஊரே வந்தது. மதில்மேல் ஆட்கள் நின்றார்கள். ஜோயல் முழு அணியையும் இறக்கினான். கடப்பாக்கத்தாரும் படூருக்குப் போகாமல் முழு ஆட்களோடு வந்தார்கள். நன்றாக ஆடி, பெனால்டியில் புதுப்பட்டினம் தோற்றது.

கடைசிப் பெனால்டி வெளியே போனதும் கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து, லைன்ஸ்மேனுக்கு இரண்டு கெஜம் தள்ளி விழுந்தது. பத்து வருஷமாக இந்தக் கோப்பைக்காக யாரும் எதையும் எறிந்ததில்லை. சந்திரம்மா அதைப் பார்த்தாள். பழுப்புத் தோல், ஆபீஸ் செருப்பு. தோற்ற வருத்தத்தில் கண் கலங்கியிருந்தாலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எடுத்துத் தூசி தட்டி, சூடான மணலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த கோதண்டராமன் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"போட்டுக்கோ சார். கால் பொத்துக்கப் போவுது."