சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ராஜ்ஜியம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பதும் ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவதும் தவிர எழுத்தோடு எனக்குப் பெரிய பழக்கம் கிடையாது. இப்போது மறதி வேறு சேர்ந்துகொண்டது. பின்னால் நடந்ததை முன்னால் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மகளிர் குழு மலருக்குச் சிறுவயது நினைவு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். என் சிறுவயதில் எழுதும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. களை எடுத்தேன், பிறகு கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதனால் என் மகளுடைய சிறுவயதிலிருந்து ஒன்றை எழுதுகிறேன். அதில் நானும் சின்னப்பிள்ளை போலத்தான் நடந்துகொண்டேன் என்பதால் தலைப்புக்குப் பெரிய மோசம் வராது என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. விருத்தாசலத்தில் நான் ஒரு பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக் கரண்டுக்குப் பீஸ் போடுகிற வெள்ளைக் கட்டை இருக்கிறதே, அதைச் செய்கிற இடம். அச்சிலிருந்து வரும், இன்னும் சுடாத பச்சைக் கட்டையின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகிற பலகையில் அடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் மூலை உடைந்துபோகும். சாயந்திரம் வீடு திரும்பும்போது முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருப்பேன்.

என் மகள் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள். இனி இல்லை என்று எல்லோரும் சொல்லி முடித்த பிறகு வந்தவள். ஒரே பிள்ளை. நான் வந்ததும் குழாயடியில் அவள்தான் செம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றுவாள். ஊற்றிக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் சொல்வாள். யார் யாரைக் கிள்ளினார்கள், டீச்சர் என்ன புடவை கட்டியிருந்தார்கள், எல்லாம். மண் எப்போதோ போயிருக்கும். கதை முடியட்டும் என்று நான் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன்.

எங்கள் வீடு பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிய வீடு. அந்தப் பக்கம் என் கொழுந்தனார் வீடு. அவருக்குச் சென்னையில் வேலை, மாதத்தில் ஒருமுறை ரயிலேறி வந்து போவார். அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி, புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். ப்ளஸ் டூ படித்து, கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்தவள். வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு காலேஜ் பிள்ளைகளுக்கு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். தூசு படக்கூடாது என்று அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தாள்.

ஒருநாள் கொழுந்தனார் சென்னையிலிருந்து ஒரு சிடி வாங்கி வந்தார். ராஜ்ஜியம் கட்டுகிற விளையாட்டு. அதில் முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று வந்துகொண்டே இருக்குமாம். இன்றைக்கும் புதுசு வருகிறது என்று சொல்கிறார்கள். இவர் கொண்டு வந்தது எத்தனாவது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு என் மகளும் அவள் சித்தியும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். முதல்நாள் இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லையாம். நடுவில் ஒரு பெரிய வீடு, அதன் வாசலில் நாலு ஆள். அவர்களை என்ன செய்யச் சொல்வது என்று தெரியாமல் சும்மா நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். அவர்களும் சொன்னால்தான் நகர்வார்களாம். கடைசியில் எங்கிருந்தோ குதிரைக்காரர்கள் வந்து நாலு பேரையும் வெட்டிவிட்டுப் போனார்களாம். அதைச் சொல்லி அவள் அப்படிச் சிரித்தாள். அன்றைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு குழாயடிக்கு வருவது நின்றுபோனது. நானே மொண்டு நானே கழுவிக்கொள்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் மரம் வெட்டுகிற சத்தம் கேட்கும். எதிரி வந்தால் கொம்பு ஊதுவார்கள். நடுவில் என் மகளும் சித்தியும் சேர்ந்து சிரிக்கிற சத்தம். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. எங்க ஊர்ல இன்னிக்கு மில்லு கட்டிட்டோம், எங்க ஊர்ல கல்லு தீர்ந்துபோச்சு என்பாள். எங்க ஊரு என்றால் அவளும் சித்தியும். அந்த ஊரில் எனக்கு ஒரு குடிசை கூட இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று வேலையிலிருந்து வந்த அலுப்போடு கொழுக்கட்டை செய்தேன். சூடாக ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மீதியில் பாதியைத் தட்டில் வைத்து மூடி, சித்திக்கு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போனவள் வரவேயில்லை. அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர், பக்கத்து ரூம்லதான இருக்குது என்றார். அவர் சொல்வதும் சரிதான். தூரமாகப் போயிருந்தால் கூடக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

புரட்டாசி வந்தது. எங்கள் குடும்பத்துக்குப் பெருமாள்தான் எல்லாம். அந்த மாதம் முழுக்கக் கவிச்சி வாங்க மாட்டோம். சனிக்கிழமை வீடு கழுவி, நாமம் போட்டு, மாவிளக்கு ஏற்றி, படைத்துவிட்டுத்தான் வாயில் தண்ணீர். என் மகளும் விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னோடு விரதம் இருப்பாள். மூன்றாவது சனிக்கிழமை என்று நினைக்கிறேன். படையல் முடிந்து, சாப்பிட்ட கையோடு அவள் அந்தப் பக்கம் ஓடிவிட்டாள். நான் சுண்டலை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். சுண்டல் கொடுக்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அன்றுதான் அந்த விளையாட்டை நேரில் பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பச்சைப் புல், மரம், ஒரு பக்கம் பழச்செடி. என் மகள் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சித்தி. திரையில் அந்தப் பெரிய வீட்டுக்குப் பக்கத்தில் நாலைந்து செம்மறி ஆடுகள் நின்றன. ஒரு ஆள் கத்தியை எடுத்துக்கொண்டு ஆட்டைப் பார்த்துப் போனான்.

“புரட்டாசி சனிக்கிழமை அதுவுமா ஆட்டை அறுக்கிறியே” என்றேன்.

“ம்மா, இது நெஜ ஆடு இல்லம்மா.”

“அறுக்கச் சொல்றது நீதான.”

என் ஓரகத்தி சிரித்தாள். “அக்கா, கம்ப்யூட்டருக்கு ஏதுக்கா புரட்டாசி. ஆட்டை அறுத்தாதான் சாப்பாடு ஏறும், சாப்பாடு இருந்தாதான் ஆளு வரும். நீ அறு பாப்பா.”

என் மகளின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. திரையில் அந்த ஆளும் நின்றான். அவள் சித்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த ஆடு செத்தால் என்ன, பிழைத்தால் என்ன. இவள் யார் பேச்சைக் கேட்கப் போகிறாள் என்பதுதான் நெஞ்சில் அடித்துக்கொண்டது. பெருமாளை அதற்குள் இழுத்தது சரியா என்று அப்போது யோசிக்கவில்லை.

அவள் அந்த ஆளை ஆட்டை விட்டுத் திருப்பிப் பழச்செடிக்கு அனுப்பினாள். “பழம் பறிச்சுக்கலாம் சித்தி, அம்மா சொல்றாங்கல்ல.”

நான் கட்டிலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து சுண்டலை நானே சாப்பிட ஆரம்பித்தேன். அவ்வளவு ருசியான சுண்டலை நான் அதற்கு முன் செய்ததில்லை.

பழம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. வயல் போட மரம் வேண்டும், மரம் வெட்ட ஆள் வேண்டும், ஆள் வரச் சோறு வேண்டும். ஆடுகள் கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருந்தன. கொம்பு ஊதிற்று. குதிரைக்காரர்கள் வந்தார்கள். வெட்டினார்கள், வீட்டுக்குத் தீ வைத்தார்கள். போகிற போக்கில் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். என் மகள் அழுதுவிட்டாள். நான் வா என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய்ச் சித்தி மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். “அம்மா வந்ததாலதான் சித்தி” என்று விசும்பினாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் வந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த விளையாட்டில் நமக்கும் ஒரு வீடு இருந்தால்தான் இவள் நம் பக்கம் திரும்புவாள் என்று எனக்குத் தோன்றியது. கம்பெனி லீவு நாளில், மகள் ட்யூஷனுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அந்தப் பக்கம் போனேன். எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடு என்று கேட்க நாக்கு கூசியது. ஓரகத்தி ஏன் என்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மவுஸ் ஒன்றும் கஷ்டமாக இல்லை. பச்சைக் கட்டையைப் பிடிக்கிற மாதிரி அழுத்தாமல் பிடித்தால் போதும். ஒரு ஆளைத் தொட்டு, மரத்தைத் தொட்டேன். ஏதோ புரியாத பாஷையில் சரி என்பது போல ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவன் போனான். நான் சொல்லி ஒரு ஆம்பிளை மறுபேச்சு இல்லாமல் வேலைக்குப் போனது அதுதான் முதல்தடவை. மரம் இருந்தது, கல் இருந்தது, தங்கம் கூட இருந்தது. மண் எடுக்கத்தான் வழியில்லை. மண் இல்லாமல் இவர்கள் எதில் ஆக்கி எதில் தின்கிறார்கள் என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரித்து முடித்துவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாள்.

“உங்களுக்கு என்னக்கா. இங்க ஒரு செவுரு கட்டினாக்கூட, இத எங்கம்மாகிட்ட சொல்லணும்பா. வாயத் தொறந்தா எங்கம்மா எங்கம்மாதான். எனக்கு அப்பிடியே எரியும். எங்கூடத்தான இவ்ளோ நேரம் உக்காந்திருக்குற, அப்பறம் என்ன எங்கம்மான்னு.”

என் வீட்டில் வாயைத் திறந்தால் சித்தி சித்தி என்கிற பெண், இங்கே வந்து என்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். “அவ எங்கிட்ட உன்னத்தான்மா சொல்றா” என்றேன். “போங்கக்கா” என்றாள். நம்பவில்லை. அவள் சொன்னதை நானும் பாதிதான் நம்பினேன்.

பிறகு லீவு நாளெல்லாம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் வீடு கட்டுவதிலும் வயல் போடுவதிலும் கெட்டி. ஓரகத்தி சண்டைக்காரி. வர வர நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பேசி ஆட, மகள் நடுவில் கையை நீட்டும்போதெல்லாம், இரு பாப்பா, இத முடிச்சிட்டுத் தரேன் என்று யாராவது ஒருத்தி சொல்வோம். இவளுக்குக் காட்டத்தான் இருவரும் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்தோம். நீ கட்டின கோபுரத்தை விட நான் கட்டினது உயரம் என்று காட்ட. அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முகம் சின்னதாகிக்கொண்டே போனதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்த முகம்தான் அது. குழாயடியில் தனியாகக் கை கழுவியபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒருநாள், “நீங்க ரெண்டு பேரும் எப்பவும் ஒண்ணு. நான் போறேன்” என்றாள்.

எங்கே என்று கேட்டதற்கு, அடுத்த தெருவில் கூடப் படிக்கிற பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கியிருக்கிறார்களாம், ஓட்டப் போகிறாளாம். சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிவிட்டாள். வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

என் ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எங்கள் ஊர் அன்றைக்கு என்றைக்கும் இல்லாத அழகாக இருந்தது. சுற்றிலும் மதில், நடுவில் கோட்டை, வயல் எல்லாம் விளைந்து நின்றது. கொம்பு ஊதிற்று. மவுஸ் என் பக்கம்தான் இருந்தது. நான் எடுத்து அவள் பக்கம் தள்ளினேன். அவளும் தொடவில்லை.

“யாருக்காகக்கா ஆடுறோம்” என்றாள்.

குதிரைக்காரர்கள் நிதானமாக வந்து ஒவ்வொரு வீடாகக் கொளுத்தினார்கள். நாங்கள் டீ போட்டுக் குடித்தோம்.

இருட்டுகிற நேரத்துக்கு முட்டியைச் சிராய்த்துக்கொண்டு மகள் வந்தாள். திரையைப் பார்த்துவிட்டு, ரெண்டு பேரு உக்காந்திருந்து எப்பிடித் தோத்தீங்க, மதில் இருந்ததே, ஆளு இருந்தாங்களே என்று கேட்டாள். நான் காலைக் கழுவினேன், சித்தி மருந்து எடுத்து வந்தாள். இரண்டு பொம்பளைகள் பார்த்துக்கொண்டே இருந்து ஒரு ஊரை எரிய விட்டது அவளுக்கு எத்தனை சொல்லியும் புரிந்திருக்காது. அத்தனை வீட்டையும் நாங்கள் கட்டியது ஒரே ஒரு ஆள் வந்து உட்காருவதற்குத்தான். அந்த ஆளுக்கே அது தெரியாது. மருந்து எரிகிறது என்று இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருந்தாள்.

இதில் வாரம், மாதம், விளையாட்டில் எது முதலில் எது பின்னால் என்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். என் ஓரகத்தியைக் கேட்டாலும் சொல்வாள். என் மகளிடம் மட்டும் கேட்க வேண்டாம். சித்தி சொன்னதுதான் சரி என்பாள்.