சொல்லாமல் போன விசிட்டரம்மா

குழந்தைகள் விடுதிகளை மேற்பார்வை பார்க்கும் கௌரவ விசிட்டர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று யாரும் மிரட்டவும் முடியாது. அறுபதுகளில் அந்த உத்தியோகம் பார்த்தவள் நான். இப்படி ஒரு பதவியை உங்கள் தலையிலும் யாராவது கட்டியிருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான். வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்று, வக்கீலான என் வீட்டுக்காரர்தான் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். சும்மாவாம்!

கலெக்டர் ஆபீசில் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று என்று ஒரே சங்கம் இரண்டு விடுதிகள் நடத்துகிறது. போன மார்கழியில் பிள்ளைகள் நெஞ்சுச்சளியில் விழுந்து எழுந்தார்கள். இந்த வருஷமாவது எல்லோருக்கும் போர்வை இருக்கிறதா என்று நேரில் பார்த்துச் சொல்லுங்கள்.

கேசரி

முதல் தடவை முறையாகத் தகவல் சொல்லிவிட்டுக் கடலூர் விடுதிக்குப் போனேன். வாசலில் தோரணம், உள்ளே வரவேற்புப் பாட்டு. பாய்களின் மேல் சிவப்புக் கரை போட்ட போர்வைகள், மடிப்புக் கலையாமல். எனக்குப் பரம திருப்தி. தட்டில் கேசரி வந்தது. பிள்ளைகள் என்னைவிட அதைத்தான் பாசத்தோடு பார்த்தார்கள். கிளம்பும்போது ஒரு பொடியன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

"வாரா வாரம் வாங்கம்மா. நீங்க வந்தாத்தான் கேசரி போடுறாங்க."

மூட்டை மேல் ஆசனம்

அந்தப் பொடியன் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டான். இனிமேல் சொல்லாமல்தான் போவது, அதுவும் ஒரே நாளில் இரண்டு விடுதிக்கும் போவது என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் காலையில் கடலூர் விடுதியில் திடுதிப்பென்று நுழைந்தேன். போர்வைகள் இருந்தன. சபாஷ் என்று சொல்லிவிட்டு, அடுத்தது சிதம்பரம் என்றும் வாயை விட்டுவிட்டு, வழியில் நிதானமாக ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. பின்னால் ஒருவர் பெரிய துணிமூட்டையோடு நின்றிருந்தார். கண்டக்டர் என்னை அதன் மேல் உட்காரச் சொன்னார். ஆகா, என்ன சுகம்! கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து, மூட்டை இடுக்கில் செருகிவிட்டுச் சிதம்பரம் வரை தூங்கினேன். மூட்டைக்காரர் முகத்தில்தான் ஈயாடவில்லை. ஊர் வந்ததும் என்னைத் தொட்டு எழுப்பினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, நான் மொதல்ல எறங்கணும்."

ஒரு ரவுண்டு

இறங்கிய பிறகுதான் கண்ணாடி ஞாபகம் வந்தது. பஸ்ஸில் தேடினேன், இல்லை. அரைக்குருடாக ஒரு குதிரை வண்டியில் ஏறி விடுதி பெயரைச் சொன்னேன். வண்டிக்கார பாய் ரொம்ப மரியாதைக்காரர். ஆனால் வண்டி போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. மங்கலாகப் பெரிய பெரிய கட்டிடங்கள். சைக்கிளில் மாணவர்கள். இது அண்ணாமலை நகர் ஆயிற்றே, விடுதி ஊருக்குள் அல்லவா இருக்கிறது என்று சத்தம் போட்டேன். பாய் தலையைச் சொறிந்தார்.

"மூட்டையோட வந்தவரு சொன்னாரும்மா, அம்மாவ ஒரு ரவுண்டு சுத்திக் காட்டிட்டு மெதுவா கூட்டியான்னு."

கண்ணாடிக் கூடு

அந்த மூட்டைக்காரருக்கு என் மேல் என்ன இத்தனை அக்கறை என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. விடுதியில் மேட்ரன் மூச்சு வாங்கியபடி வரவேற்றார். பாய்களின் மேல் போர்வைகள். சிவப்புக் கரை! நேற்றுத்தான் சலவையிலிருந்து வந்தது என்று அவர் ஒன்றை எடுத்து உதற, உள்ளிருந்து என் கண்ணாடிக் கூடு சொத்தென்று என் காலடியில் விழுந்தது.

எடுத்து மாட்டிக்கொண்டேன். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற மூட்டைக்காரரும் தெரிந்தார். கடலூர் விடுதிச் சமையல்காரராம்! எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்க அதிகமாயிற்று. மேட்ரனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"உங்க கண்ணாடி உங்களுக்கு முன்னாடியே விசிட் வந்திடுச்சிம்மா."

கசங்கிடும்

சிரித்து ஓய்ந்தபோது ஓரத்தில் ஒரு சிறுமி இருமினாள். பெயர் செல்வி. எடுத்துப் போர்த்திக்கொள் கண்ணு என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். "வேணாம்மா, கசங்கிடும். நீங்க போனதும் திருப்பித் தரணும்."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எல்லாப் போர்வைகளையும் குவிக்கச் சொல்லி அதன் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு விடுதிக்கும் தனித்தனியாகப் போர்வை வரும்வரை எழுந்திருக்க மாட்டேன், சோறும் இங்கேதான் என்றேன். சங்கத்துச் செக்ரெட்டரி கடலூரிலிருந்து ஓடி வந்தார். கெஞ்சினார். கமிட்டி கூடட்டும் என்றார். கூடட்டும், நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். பொழுது சாயும் நேரத்துக்குக் கீழவீதி ஜவுளிக்கடையிலிருந்து புதுப் போர்வைகள் வண்டியில் வந்து இறங்கின. பழையதெல்லாம் கடலூருக்கே திரும்பிப் போயிற்று.

செல்வி புதுசில் ஒன்றைத் தலையோடு காலாக இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்புறம் போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"இப்ப நீங்க போவலாம்மா."

கிளம்பு கிளம்பு என்று எத்தனையோ விடுதிகளில் என்னை ஜாடையாகத் துரத்தியிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே ஒருத்தி போகச் சொல்லி நான் பூரித்துப்போய் வீடு திரும்பியது அந்த ஒரு நாள்தான்.