சிவகௌரியின் மணற்கல் வீடு

டூங்கபி புறநகரில் இருந்த வாடகை வீட்டை விட்டு, பரமட்டா ஆற்றோரம் இருந்த அந்தப் பழைய வீட்டை வாங்குவோம் என்றவள் சிவகௌரிதான். கையால் கொத்திய மணற்கற்கள், தாழ்ந்த விறாந்தை, மேலே தூக்கித் திறக்கும் ஜன்னல்கள். பிசியோதெரபிஸ்டான அவளுக்கு, வேலை முடிந்து அந்தத் தடித்த சுவர்களுக்குள் நுழைந்தாலே அலுப்பு ஆறிவிடும்.

அவள் கணவன் பாலாவின் எண்ணம் வேறு. இடிக்கக்கூடாத பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் உள்ள வீடு என்று தெரிந்தும், எப்படியும் அனுமதி எடுத்து இடித்துவிட்டு மாடிவீடு கட்டலாம் என்று நம்பினான். நகர கவுன்சில் அடியோடு மறுத்தது. அதற்குப் பிறகு அவன் கதவுகளை உதைத்தான். ஒருநாள் அவளையும் அறைந்தான்.

ஒரு ஞாயிறு காலை, சம்மட்டியோடு உள்ளே வந்தான். கணப்படுப்பின் மேலிருந்த பளிங்குப் பலகை முதல் அடியிலேயே இரண்டாகியது.

"நீதானே இந்தக் குப்பையை வாங்கச் சொன்னனி!"

"வேண்டாமப்பா, விடுங்கோ!" என்று குறுக்கே கையை நீட்டினாள். சம்மட்டி அவள் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

பின்னறைக்குள் ஓடித் தாழிட்டாள். கனத்த சீடர் மரக் கதவு சில அடிகளைத் தாங்கியது. பிறகு நடுப்பலகை பிளந்து, அந்த ஓட்டைக்குள்ளால் அவன் கை தாழைத் தடவியது. ஜன்னலைத் தூக்கப் பார்த்தாள். பெயின்ற் பூசிப் பூசி அது சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு கையால் கதிரையைத் தூக்கி ஓங்கி அடித்தாள். கண்ணாடியும் சட்டமும் நொறுங்கின. தொடை கிழிய வெளியே விழுந்தாள்.

சத்தம் கேட்டு வேலியடிக்கு வந்த பக்கத்து வீட்டு நிஸ்தார், "தங்கச்சி, இங்கால வாங்க!" என்று அவளைத் தன் வீட்டுக்குள் இழுத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் பொலிசை அழைத்தார். அவர்கள் வந்தபோதும் பாலா சுவரை இடித்துக்கொண்டிருந்தான்.

பாலா சிறைக்குப் போனான். வெளியே வந்தாலும் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. மணிக்கட்டு முன்போல் திரும்பாததால் சிவகௌரி நோயாளிகளைத் தொட்டுச் செய்யும் வேலையை விட்டு, மாணவர்களுக்குப் படிப்பிக்கப் போனாள்.

மாமியார் கொழும்பிலிருந்து அழைத்தார்.

"வீட்டு மேல உள்ள கோவம்தானே பிள்ளை. வித்துப்போட்டு, அவன் வெளியில வந்தாப்பிறகு அவனோட சேர்ந்து இரன்."

"வீட்டுக்கு வலிக்கேல்லை மாமி. எனக்குத்தான் வலிச்சது. நான் இஞ்சதான் இருப்பன்."

கைபேசியை வைத்துவிட்டு விறாந்தையில் போய் இருந்தாள்.