தண்ணீர் ஊற்றும் முன்

சாவு வீட்டுக்குள் நுழையும்போது சோம்லால் மகதோ கும்பிடுவதில்லை. வாசலிலிருந்தே கேட்பார்: "தண்ணி ஊத்திட்டீங்களா?"

இல்லை என்று பதில் வந்தால்தான் அவருக்கு மூச்சு வரும். முகக்கவசத்தை ஏற்றி, கையுறை மாட்டி, உடலருகே குந்துவார். சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் பஞ்சுக்குச்சியை உறையிலிருந்து எடுத்து, புலியின் பல் பதிந்த இடத்தை, தூங்கும் குழந்தைக்கு வாய் துடைப்பதுபோல் துடைப்பார். குச்சியைக் குப்பியிலிட்டு மூடிய பிறகுதான் கும்பிடு, கண்ணீர் எல்லாம். குப்பி காத்மாண்டுவுக்குப் போகும். கழுவப்படாமல் ஒட்டியிருக்கும் எச்சிலை வைத்து, கொன்றது எந்தப் புலி என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். நேபாளத்தின் சித்வன் காட்டோர ஊர்களில் அவருக்குப் பெயரே எச்சில்காரர்.

மற்ற நாட்களில் காட்டுக்குள் புலி எச்சம் பொறுக்குவார். அதைக் கொண்டுதான் ஒவ்வொரு புலியின் மரபணுவையும் ஆய்வுக்கூடத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். "எனக்குக் குடியுரிமைச் சீட்டு கெடைக்கறதுக்கு முன்னாடி புலிக்குக் கெடைச்சிடுச்சு" என்பார். இந்த வேலைக்காகக் கைனிப் புகையிலை மெல்லுவதை விட்டவர். "என் எச்சில் ஒரு சொட்டு விழுந்தாப் போதும், கூண்டுல என்னத்தான் போடணும்."

இப்படிச் சிரிக்க வைப்பவர், புல்வெளிக்கு முதுகு காட்டி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நத்தைக் குழம்பு என்றால் உயிர். ஆனால் தெருநாய் சட்டென்று குரைப்பை நிறுத்திவிட்டால் வாயில் வைத்த நத்தையை உறிஞ்சாமல் அப்படியே இருப்பார்.

"எந்தப் புலியா இருந்தா என்ன? எல்லாத்துக்கும் விஷத்த வை!" என்று டீக்கடையில் கத்துவார்கள்.

"தப்பான புலியப் புடிச்சா காட்டுல ஒண்ணு கொறையும். கொன்னது அங்கயேதான் இருக்கும்" என்பார் இவர், குரலை உயர்த்தாமல்.

இந்தக் குளிர்காலக் கடைசியில் புல்லறுக்கப் போன பக்கத்து ஊர் திலக்மாயாவைப் புலி அடித்தது. இவர் போய்ச் சேர்வதற்குள் குளிப்பாட்டி, மஞ்சள் துணி போர்த்திவிட்டிருந்தார்கள். "அவள அழுக்கோட அனுப்பச் சொல்றியா?" என்று அவள் கணவன் வாளியை விட்டெறிந்தான். வேலியில் எறியப்பட்டுக் கிடந்த அவள் சால்வையில் பல் கிழித்த ஓர் ஓரம் மட்டும் ஈரம் படாமல் இருந்தது. அதைத் துடைத்து அனுப்பினார். இதற்குள் ஆற்றங்கரைக் கூண்டில் ஒரு பெண்புலி சிக்கியது. மேளம் அடித்தார்கள், ஆடு வெட்டினார்கள். பெண்கள் மறுபடி புல்லறுக்கக் கிளம்பினார்கள்.

"பதில் வரட்டும், போகாதே" என்றார் சோம்லால், தன் மனைவி புல்மதியிடம்.

"எருமை உங்க காத்மாண்டு பதிலையா திங்கும்?" என்று அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பிற்பகல் ஆய்வுக்கூடத்துப் பெண் அழைத்தாள். "அண்ணே, கூண்டுல இருக்கறது அது இல்ல. சால்வையில இருந்த எச்சில் வேற புலியோடது. ஆண்."

சைக்கிளை மிதித்தாரா, தள்ளிக்கொண்டு ஓடினாரா, அவருக்கே தெரியாது. ஆற்றங்கரையில் ஆள் உயரப் புல் அசைந்துகொண்டிருந்தது. காற்று இல்லை. பேர் பேராகக் கூப்பிட்டார். புல்லுக்கு மேலே தலைச்சுமைகள் மட்டும் மிதந்து வந்தன. ஒவ்வொன்றும் கரையேறி, அடியில் ஒரு முகம் தெரியும்வரை அவர் கண் இமைக்கவில்லை. கடைசிச் சுமைக்கடியில் புல்மதி.

"கூண்டுல இருக்கறது அது இல்லையாம்" என்றார். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் உரசிக்கொண்டே ஊர் திரும்பினார்கள்.

வீட்டில் புல்மதி புல்கட்டை இறக்கிவிட்டு அடிபம்புக்குக் கீழே குனிந்தாள். அவள் பிடரியில் நீளமாக இரண்டு கீறல்கள், இரத்தம் காய்ந்திருந்தது.

"புல்லு அறுத்துடுச்சுங்க. அதுக்கு ஏன் இப்படி வெறிச்சுப் பாக்கறீங்க? அடிங்க பம்பை" என்று சிரித்தாள்.

சோம்லாலின் ஒரு கை பம்பின் பிடியை அசையவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. மற்றொரு கை சட்டைப்பைக்குள் பஞ்சுக்குச்சியைத் தேடியது.