கயிற்றுக்காரர் வாயைத் திறக்கவில்லை

கயிற்றுக்காரருக்கு மனிதர்களையே பிடிக்காது. அதிலும் வீடு மாற்றுகிற மனிதர்களைச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் பிழைப்பு அதுதான். ஒரு லாரி, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, கூட வேலைக்கு மனைவியின் தம்பி. கண்ணாடி அலமாரியைக்கூடக் கயிறு கட்டி மூன்றாம் மாடியிலிருந்து கீறல் விழாமல் இறக்கிவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். அவர் வாயால் விழுகிற கீறலுக்குத்தான் கணக்கில்லை.

"இத்தனை பாத்திரத்தை வச்சுக்கிட்டு என்னம்மா பண்றீங்க? ஊருக்கே ஆக்கிப் போடறீங்களா?" என்பார். "இந்தக் கட்டிலை வாங்கினவருக்கு வாசல் அகலம் எவ்வளவுன்னு தெரியாதா?" என்பார். வேலை சுத்தம் என்பதால் ஜனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அவரையே கூப்பிட்டார்கள்.

சாமான் கொடுக்கிறவன் எல்லாம் பொய்யன் என்பது அவருடைய தீர்மானம். அதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஒரு ஆள் தன் துணி துவைக்கிற மெஷினில் இருந்த பழைய நெளிவை இவர் தலையில் கட்டி, நடுத்தெருவில் சட்டையைப் பிடித்துவிட்டான். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சாமானை ஏற்றுவதற்கு முன்னால் அதில் இருக்கிற நெளிவு, கீறல், உடைசல் எல்லாவற்றையும் கிட்டப் போய்ப் போனில் படம் எடுப்பார். புது வீட்டில் இறக்கிவைத்ததும் அதே இடத்தை மறுபடி ஒரு படம். சண்டைக்கு வருகிறவன் மூக்கின் முன்னால் இரண்டையும் நீட்டுவார்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. மைத்துனன்தான் ஆரம்பித்து வைத்தான்.

"மாமா, இந்தப் படத்தையெல்லாம் போனுக்குள்ளயே வச்சிருந்து என்ன புண்ணியம்? நெட்டுல லாரி பேர்ல ஒரு பக்கம் ஆரம்பிச்சுப் போடுங்க. நாலு பேர் பார்த்துக் கூப்பிடுவாங்க."

"நாலு பேர் கூப்பிட்டா நாலு பேரைத் திட்டணும். வேற வேலை இல்லையா எனக்கு?" என்றார் முதலில். அப்புறம் முதல் லைக் விழுந்தது. மனிதர் கவிழ்ந்துவிட்டார். தினமும் படம் போட்டார், கீழே வாசகமும் எழுதினார். "பழைய நெளிவு பழைய இடத்தில். புதுக் கீறல் கிடையாது. வாய் பேசுகிறவர்கள் வந்து பார்க்கவும்." பக்கத்தின் பெயரை லாரியின் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயின்டில் முழ எழுத்தில் எழுதவைத்தார்.

அவர் மனைவி அச்சகத்தில் வேலை பார்ப்பவள். நெட்டில் அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அதில் அவள் முகம் கிடையாது, முழுப் பெயர் கிடையாது. மூடி வைத்த ஒரு குடையின் படம்தான். அச்சகத்துக்கு வந்துபோன ஒரு ஆள் அவள் போட்ட படத்தையெல்லாம் தோண்டிப் பார்த்து, "நேத்து பச்சைப் புடவை நல்லா இருந்துச்சு" என்று எழுதத் தொடங்கியபோது எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டாள். கயிற்றுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"குடைக்கு எவன்டி லைக் போடுவான்? நமக்கு ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. உங்ககிட்ட சாமானைக் கொடுக்கறவங்களுக்கு இருக்கும்" என்றாள் அவள். அது அவர் காதில் ஏறவில்லை.

ஒரு காலை நேரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு பெண் கொட்டகைக்கு வந்தாள். நர்ஸம்மா என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் ஏத்தணும். அவர் திரும்பறதுக்குள்ள முடிக்கணும். எங்க இறக்கினீங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது. என்னைப் படம் எடுக்கக் கூடாது" என்றாள்.

அவள் கை மணிக்கட்டில் நாலு விரல் தடம் கன்றிக் கிடந்தது. கயிற்றுக்காரர் அதைப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. "என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதும்மா" என்றார். அவர் நல்ல வார்த்தை பேசி மைத்துனன் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாமான் அதிகமில்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, நாலு பெட்டி, ஒரு நீல இரும்பு பீரோ. பீரோவின் கதவில், முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. காலால் உதைத்த குழி. வழக்கப்படி அதைக் கிட்டப் போய்ப் படம் எடுத்தார். புது வீட்டு மாடியில் ஜன்னலோரம் பீரோவை நிறுத்தியதும் மறுபடி எடுத்தார். நர்ஸம்மாவின் நிழல்கூடப் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டார். ஆள் இல்லாத படம்தானே என்று இரண்டையும் பக்கத்தில் ஏற்றினார். "எட்டி உதைத்தாலும் தாங்கும் பீரோ. நாங்கள் உதைக்கவில்லை" என்று வேறு எழுதினார். அதைப் படித்துத் தானே சிரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு காலை நர்ஸம்மாவின் புருஷன் வந்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை, முகத்தில் ஒரு சிரிப்பு. நீல பீரோவை ஏற்றிக்கொண்டு இந்த லாரி போனதை எதிர்வீட்டில் பார்த்திருக்கிறார்கள்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி. என் சம்சாரம் சாமானை எங்க இறக்கினீங்க? வீட்டுல சின்ன மனஸ்தாபம். நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"நான் தினமும் நூறு சாமான் இறக்கறேன். எவன் பொண்டாட்டி சாமான்னு எழுதி ஒட்டிக்கிட்டா இறக்கறேன்?"

"உங்களுக்கும் குடும்பம் இருக்குண்ணே. புரிஞ்சுக்கங்க."

"எனக்குப் புரிய வேண்டியது புரிஞ்சுபோச்சு. கிளம்பு."

சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "மரியாதையாத்தானே கேட்கறேன்."

"நானும் மரியாதையாத்தான் சொல்றேன். மரியாதை இல்லாம நான் பேசி நீ கேட்டதில்லையே. டேய் மச்சான், அந்தக் கடப்பாரையை எடு. இந்த ஆளுக்கு வழி தெரியலையாம், காட்டுவோம்."

மைத்துனன் எழுந்ததும் அவன் வெளியே போய்விட்டான். போகிறவன் லாரி அருகில் நின்றான். சிவப்பு எழுத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தான். பிறகுதான் போனான்.

மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது கயிற்றுக்காரர் இதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "தலைகீழா நின்னான். நான் வாயைத் திறக்கலையே."

மனைவி சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டாள். "நீல பீரோவா? கதவுல குழி இருக்குமே, அதா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். நீங்கதானே போட்டீங்க." இடது கையால் தன் போனை எடுத்து நீட்டினாள். "அது யார் உதைச்ச குழி? உதைச்சவனுக்குத் தெரியாதா? ஜன்னல் வழியா பாருங்க, எதிர்ல மருந்துக்கடை. போர்டுல தெருப் பேரோட இருக்கு. அது போதாதுன்னு படத்துக்கு மேல பாருங்க, இடத்தையும் போட்டிருக்கு."

"நான் இடம் ஒண்ணும் போடலையே."

"நீங்க போட வேண்டாம். அணைக்காம விட்டா அதுவே போட்டுக்கும். யார் யார் பார்க்கலாம்னு ஒரு இடத்துல கேட்கும். நீங்க எல்லாருக்கும்னு திறந்து விட்டிருக்கீங்க."

அவர் போனைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். படத்தின் கீழே புதிதாக ஒரு கட்டைவிரல் விழுந்திருந்தது. அதற்குச் சொந்தக்காரனின் முகம் பொட்டு அளவில் தெரிந்தது. வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு. அதன் கீழே ஒரு வரி எழுதியிருந்தான். "நல்ல பீரோ. எங்கள் வீட்டு பீரோ மாதிரியே இருக்கிறது."

கயிற்றுக்காரர் கை கழுவவில்லை. எச்சில் கையோடு நர்ஸம்மாவுக்குப் போன் அடித்தார். விஷயத்தைச் சொன்னார்.  

"நீ யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னே" என்றாள். 'ங்க' எல்லாம் போயிருந்தது.

"நான் சொல்லலம்மா."

"வேலை முடிஞ்சு வருவான். நடுவுல வரமாட்டான். எல்லாத்தையும் ஒழுங்கா செய்யறவன் அவன். சாயங்காலத்துக்குள்ள வண்டியைக் கொண்டு வா."

லாரி போய் நின்றபோது அவள் பெட்டிகளை மறுபடி கட்டி முடித்திருந்தாள். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சாமானைத் தொடாதே. முதல்ல போனை எடு. என் கண் முன்னால அந்தப் படத்தை அழி."

அழித்தார்.

"இடம் காட்டறதை அணை. உன் பக்கத்தைப் பூட்டு."

அவருக்குத் தெரியவில்லை. தடவித் தடவித் தேடினார். அவளே பிடுங்கி நாலு தட்டு தட்டிவிட்டு, போனைக் கட்டில் மேல் எறிந்தாள். "இப்ப அழிச்சு என்ன? அவன் எப்பவோ எடுத்து வச்சிருப்பான்."

"போலீசுல ஒரு வார்த்தை..."

"போனேன். கூப்பிட்டுச் சமாதானம் பேசி, அவன் கூடவே அனுப்பி வச்சாங்க. அந்தக் குழி அன்னிக்கு விழுந்ததுதான். நீ அதுக்குக் கீழ வேடிக்கையா எழுதியிருந்தியே, படிச்சேன்."

 கயிற்றுக்காரர் கயிற்றை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

அந்தக் கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒரு இரும்புச் சுழல்படி உண்டு. சந்தில் லாரியை நிறுத்தி, கட்டில், மேசை, பெட்டி எல்லாவற்றையும் அதன் வழியே இறக்கிவிட்டார்கள். பீரோ மட்டும் அந்தப் படியில் நுழையவில்லை. முன்படி வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். மேலே மைத்துனன் பிடித்துக்கொள்ள, கீழே கயிற்றுக்காரர் தோள் கொடுக்க, படி வளைகிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். அப்போது கீழே வாசலில் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

கயிற்றுக்காரர் ஒரு விநாடி யோசித்தார். பீரோவை வளைவில் குறுக்கே திருப்பி, ஒரு மூலையைச் சுவரிலும் ஒரு மூலையைக் கைப்பிடிக் கம்பியிலும் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். ஆப்பு அடித்த மாதிரி நின்றுவிட்டது.

"டேய், விட்டுட்டுப் போடா. அந்த அம்மாவைப் பின்பக்கமா கூட்டிட்டுப் போ" என்று பல்லுக்குள் சொன்னார்.

"விட்டா உங்க மேல விழுமே மாமா."

"விழாது. சிக்க வச்சிருக்கேன். போடான்னா."

பீரோவில் முதுகைக் கொடுத்துக் கீழே பார்த்தபடி நின்றுகொண்டார். அவன் படியேறி வந்தான். இப்போது சிரிப்பு இல்லை.

"வழி விடு."

"நான் விடறேன். பீரோ விடலையே."

"மேல இருக்காளா?"

"மேல இருக்கறது பீரோவோட பாதி. மீதிப் பாதி என் முதுகுல இருக்கு."

"ஏய்... அவளைக் கூப்பிடு."

"கத்தாதே. இரும்பு அதிரும். இது நழுவினா நேரா உன் மூஞ்சியிலதான் வந்து நிக்கும். நான் ஒதுங்கிக்குவேன், எனக்குப் பழக்கம் இருக்கு. உனக்கு இருக்கா?"

அவன் அவர் சட்டையைப் பிடித்தான். நாலு விரலும் கழுத்தருகே அழுந்தின. அந்த நாலு விரலின் தடத்தை அவர் ஏற்கெனவே ஒரு கையில் பார்த்திருந்தார். திருப்பி அடித்திருக்கலாம், அவர் கைக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் முதுகை எடுத்தால் வழி திறந்துவிடும். கன்னத்தில் ஒன்று விழுந்தது, வாங்கிக்கொண்டார். இரண்டாவதும் விழுந்தது. உதடு கிழிந்தது. பின்சந்தில் லாரி உறுமிக் கிளம்பிய சத்தம் கேட்கும்வரை அவர் நகரவில்லை.

அவனுக்கும் அது கேட்டது. படியில் தடதடவென்று இறங்கி ஓடினான். சந்துக்கு அவன் சுற்றிப் போவதற்குள் லாரி பெரிய சாலையில் கலந்துவிட்டது. மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது கயிற்றுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க போறா? சொல்லு."

"தெரியாது" என்றார். அது நிஜம். அவர் அதைக் கேட்கவே இல்லை. "எங்கள் வீட்டு பீரோன்னு எழுதினியே. வளைவுல நிக்குது. தூக்கிட்டுப் போ. உதைச்ச இடத்தைச் சொல்லி அடையாளம் காட்டு, கொடுத்துடுவாங்க."

அன்று இருட்டியபோது மைத்துனன் காலி லாரியோடு கொட்டகைக்குத் திரும்பினான். சாவியைக் கொக்கியில் மாட்டினான். முகம் கழுவினான். கயிற்றுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"எங்கடா இறக்கின?"

"இறக்கிட்டேன் மாமா."

"எங்கன்னுதானே கேட்டேன்."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "அதை உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுட்டாங்க அந்த அம்மா. உங்க போன்லயிருந்து அவங்க நம்பரையும் அழிச்சுடச் சொன்னாங்க."

"அடி வாங்கினது நானாடா, நீயா?" கயிற்றுக்காரர் எழுந்துவிட்டார். வீங்கிய உதட்டில் வார்த்தை குழறியது. "நான் போய் எவன்கிட்டடா சொல்லப் போறேன்?"

"நீங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்க மாமா" என்றான் மைத்துனன். "போன தடவையும் நீங்க யாருகிட்டயும் சொல்லலையே."